மணலில் தொலைந்த சாலையைத் தேடுவது எப்படி?

துபாயின் சத்வா பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் தையல் கடை, துணிக்கடை, கரக் டீக்கடை என்று எப்போதும் சந்தடிதான். அதைத் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே சில கிலோமீட்டர் போனால், ஜுமைராவின் வில்லாக்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி வரும். உள்ளே முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் மொட்டைச் சுவர்கள் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒட்டகக் கூட்டங்கள் சுமை இறக்கிய இடம் இது.

1969இல் கண்டறியப்பட்ட இந்த ஊரை முதலில் தோண்டியது பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழு. அப்பாஸிய கலீபாக்கள் பாக்தாதை ஆண்ட காலத்தைச் சேர்ந்த ஊர் இது. வணிகர் தங்கும் சத்திரம், பள்ளிவாசல், சந்தை, வீடுகள், பளபளப்பு மெருகிட்ட பானையோடுகள், சுதை வேலைப்பாடுகள் எல்லாம் வெளிப்பட்டன. ஈராக்கிலிருந்து ஓமானுக்குப் போகும் வழியில் இது ஒரு நிறுத்தம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

நிறுத்தம் கிடைத்துவிட்டது. வழி எங்கே?

இதே கேள்வியை ஐரோப்பாவில் கேட்டால் விடை காலடியிலேயே கிடக்கும். ரோமானியர்கள் முக்கியமான சாலைகளுக்குப் பள்ளம் வெட்டி, கல்லும் சரளையும் அடுக்கடுக்காகக் கொட்டி, ஓரத்தில் மைல்கல் நட்டார்கள். இருந்தும் அந்தச் சாலைகளைத் தேடும் வேலை முடிந்தபாடில்லை. 2025இல் வெளியான ‘இட்டினெர்-ஈ’ என்ற மின்வரைபடம் ரோமப் பேரரசின் சாலைகளைக் கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டது. அதில் எந்தத் தடத்தில் போனது என்று துல்லியமாகச் சொல்ல முடிவது 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதிக்கு ஊர், பாலம், மைல்கல், மலைக்கணவாய் ஆகியவற்றை இணைத்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வறண்ட நாடுகளில் வானத்திலிருந்து பார்ப்பது உதவுகிறது. அமெரிக்காவின் ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சிரியா, வடக்கு ஈராக் பகுதிகளின் படங்களில், மண்மேட்டு ஊர்களைச் சுற்றி நாலாபுறமும் கரிய கோடுகள் ஓடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆளும் ஆடுமாடும் தலைமுறை தலைமுறையாக நடந்து அழுத்திய தடம் தாழ்ந்துவிடும். மழை பெய்தால் நீர் அங்கே தேங்கும், செடி செழிப்பாக வளரும். தரையில் நின்றால் தெரியாத அந்தப் பள்ளம் மேலிருந்து பார்த்தால் கோடாகத் தெரிகிறது.

துபாயின் மணற்குன்றுகளில் இந்த வித்தை பலிக்காது. காற்று அடித்தால் குன்றே நகர்ந்துவிடும். எனவே இங்கே ஆய்வாளர்கள் வழியை விட்டுவிட்டு, வழி எதைச் சார்ந்திருந்ததோ அதைத் தேடுகிறார்கள். முதலில் தண்ணீர். சுமை ஏற்றிய ஒட்டகம் நாளைக்கு 30, 40 கிலோமீட்டர் நடக்கும். கிணறும் பேரீச்சந்தோப்பும் எங்கே இருந்தன என்று தெரிந்தால் பயணத்தின் கணுக்கள் கிடைத்துவிடும். அல் ஐன் அருகே ஹீலியில், மலையடி நீரை நிலத்தடி வாய்க்கால் வழியாக ஊருக்குக் கொண்டுவரும் ‘ஃபலஜ்’ ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டிருக்கிறது. பாலைக்குள் ஊர்கள் தழைக்க, அவற்றுக்கிடையே போக்குவரத்து பெருக, இந்த நீர் கைகொடுத்தது.

அடுத்து, இடம் மாறிக் கிடக்கும் பொருள். 2002இல், இன்றைய துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ராஷித் ஹெலிகாப்டரில் போகும்போது மணலில் கரிய திட்டுகளைக் கவனித்தார். அது உலோகக் கசடு. சாரூக் அல் ஹதீத் என்ற அந்த இடத்தில் இரும்புக்காலச் செம்புப் பொருள்கள், இரும்பு ஆயுதங்கள், தங்க நகைகள் குவியலாகக் கிடைத்தன. துபாய் எக்ஸ்போ 2020இன் சின்னம் அங்கே கிடைத்த ஒரு தங்க மோதிரத்தைப் பார்த்து வரைந்ததுதான். ஆனால் அந்த மணற்காட்டில் செம்புத் தாதே கிடையாது. ஹஜர் மலையிலிருந்துதான் செம்பு வந்தாக வேண்டும். கசடு கிடப்பதே வழி இருந்ததற்குச் சாட்சி.

உம் அல் குவைனில் கடற்கழி ஓரமாக இருக்கும் எத்-தூர், உள்நாட்டில் இருக்கும் மலீஹா ஆகிய இரண்டையும் இப்படித்தான் சேர்த்துப் படிக்கிறார்கள். இடைவெளி ஐம்பது கிலோமீட்டர் போல, ஒட்டகத்துக்கு இரண்டு நாள். இரண்டு ஊரிலும் ஒரே வகை உள்நாட்டு நாணயம் புழங்கியது. அதை வார்த்த கல் அச்சு மலீஹாவில் கிடைத்தது. எத்-தூரில் சூரியக் கடவுள் ஷமஷுக்கு எழுப்பிய சிறு கற்கோயிலும், கி.பி. முதல் நூற்றாண்டு ரோமக் கண்ணாடிப் பாத்திரங்களும், ரோம நாணயங்களும் வெளிப்பட்டன. ரோமச் சாலை அரபு வளைகுடாவை எட்டவில்லை. ரோமச் சரக்கு எட்டியிருக்கிறது.

அந்தச் சரக்குப் பாதையின் இன்னொரு கிளையில் தமிழர்கள் வருகிறார்கள். எகிப்தில் நைல் கரையின் கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்கு 257 ரோம மைல், 12 நாள் பயணம், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவு நடை என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அந்தப் பாலையில் ரோமானியர்களே கல் பாவவில்லை. கிடந்த கற்களை இருபுறமும் ஒதுக்கி, வழிநெடுகக் கிணறு தோண்டிக் காவல் கோட்டை கட்டியதோடு சரி. பெரெனிகேயில் ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. அதே செங்கடல் கரையின் குசைர் அல் கதீம் துறைமுகத்தில் கிடைத்த தமிழ் பிராமி ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் இருக்கின்றன.

ஓமானில் சலாலா அருகே சாம்பிராணி ஏற்றுமதியான கோர் ரோரியிலும் அப்படி ஒரு ஓடு உண்டு. 2006இல் இத்தாலியக் குழு அதைக் கண்டெடுத்தது. உடைந்த பானையின் ஒரு துண்டை மூடியாகத் தேய்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் மேல் ‘ணந்தை கீரன்’ என்று கீறியிருப்பதாகக் கல்வெட்டு அறிஞர்கள் படித்தார்கள். கிடைத்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டு. கீரன் என்ற அந்த ஆள் அங்கே வந்து தங்கினாரா, பானை மட்டும் கப்பலேறியதா என்பதை ஒற்றை ஓடு சொல்லாது. சொந்தப் பானையில் பெயர் கீறும் பழக்கம் தமிழகத்தில் எங்கும் இருந்தது.

இவற்றில் அமீரகத்தில் இருப்பவற்றைப் பார்க்க சத்வாவாசிகளுக்குச் சனி, ஞாயிறு போதும். ஜுமைரா பக்கத்திலேயே இருக்கிறது. சாரூக் அல் ஹதீத் பொருள்களுக்கு ஷிந்தகாவில் 2016இல் தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். மலீஹாவில் தங்க அணிகலனோடு புதைத்த குதிரையும் ஒட்டகங்களும் கிடைத்த கதையை அங்குள்ள காட்சிக்கூடம் விளக்குகிறது. அதை அடுத்த ஃபாயா நிலப்பரப்பு 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எத்-தூர் 2012 முதல் உத்தேசப் பட்டியலில் காத்திருக்கிறது.