புதிரவிழ்க்கும் பொறியாற் பயன் என்ன?

புதிர் என்பது மனிதன் தன் அறிவைத் தானே சோதித்தற்பொருட்டு இட்டுக்கொண்ட முடிச்சு. அதனை அவிழ்க்குமாறு ஒரு கணினியை ஏவுதல், பசித்தவன் தன் சோற்றைப் பிறனொருவனை உண்ணச் சொல்லுதல் போலாகுமன்றோ என ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். வினா நியாயமானதே. ஆயினும், தருக்கப் புதிர்களை விடுவிக்கும் செய்நிரல்கள் இன்று என்ன தொழில் புரிகின்றன என்பதை நோக்குவார்க்கு, அவை நம் இன்பத்தைக் கவர வந்தனவல்ல என்பது புலனாகும்.

நாளிதழ் படிப்போர் நன்கறிந்த சுடோக்குப் புதிரையே எடுத்துக்கொள்வோம். கட்டங்கள் 81. ஒவ்வொரு நிரையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒன்பது கட்டங்கொண்ட ஒவ்வொரு சிறு சதுரத்திலும் 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொருமுறையே வருதல் வேண்டும். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வேறு பெயருடன் வெளிவந்த இப்புதிர், 1984 இல் யப்பானிற் புகுந்து, பின்னர் இப்பெயர் பெற்றது. ஹொங்கொங்கில் நீதிபதியாயிருந்து இளைப்பாறிய வெயின் கூல்ட் என்னும் நியூசிலாந்தர் 1997 இல் தோக்கியோவில் இதனைக் கண்டு, பல்லாண்டு உழைத்து ஒரு செய்நிரல் ஆக்கினார். அதன் துணைகொண்டு அவர் அமைத்த புதிர்களை 2004 நவம்பரில் இலண்டன் ‘ரைம்ஸ்’ நாளிதழ் வெளியிடத் தொடங்கியது. பின்னரே உலகெங்கும் இதன் புகழ் பரந்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கூல்ட் விரும்பியது புதிரை ஆக்குதற்கொரு கருவி. ஆனால், ஆக்குங் கருவிக்கு விடுவிக்கவுந் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. ஏன்?

செய்நிரல் தொழிற்படும் முறை எளிது. வெறுங் கட்டமொன்றில் விதிக்கு மாறாகாத இலக்கமொன்றை இடும். அதனைக் கொண்டு அடுத்த கட்டத்தை நோக்கும். இடுதற்கு ஓரிலக்கமும் இல்லாத நிலை நேரின், வந்த வழியே மீண்டு, முன் இட்டதை அழித்து வேறொன்றை இட்டுப் பார்க்கும். இவ்வாறு விடை கண்ட பின்னும் அது ஓய்வதில்லை. மற்றுமொரு விடை உண்டோ எனத் தொடர்ந்து தேடும். விடை இரண்டாயின் ஐயம். விடையே இல்லையாயின் முரண். ஒன்றேயாயின் அதுவே செவ்விய புதிர். ஒரு வினாவுக்கு இருவிடை பொருந்துமாயின் அது மாணவன் குற்றமன்று, வினா வகுத்தார் குற்றமே என்பதை ஆசிரியராயினார் யாவரும் அறிவர். புதிர் அச்சேறுமுன் அக்குற்றத்தைக் களைவதே இச்செய்நிரலின் முதற்பயன்.

இரண்டாவது பயன் பெரிது. ஒரே விடை தரும் சுடோக்குவிற்கு, தொடக்கத்தில் எத்தனை இலக்கங்களாவது கொடுக்கப்படல் வேண்டும்? 17 கொடுத்தாற் போதும் என்பதற்கு எடுத்துக்காட்டுக்கள் பல இருந்தன. 16 போதுமோ என்பதை எவரும் அறிந்திலர். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக் கணிதர் கரி மக்குவயரும் அவர்தம் குழுவினரும், இடமாற்றத்தால் ஒன்றாகத்தக்கவற்றை ஒன்றெனவே கொண்டு எஞ்சிய ஏறத்தாழ 547 கோடிச் சதுரங்களையும் கணினிகளால் ஆராய்ந்து, 16 போதாது என 2012 இல் அறிவித்தனர்.

இவையெல்லாம் விளையாட்டே என்பார்க்கு இன்னொன்று கூறுவேன். 1994 இல் இன்ரெல் நிறுவனத்தாரின் பென்ரியம் என்னும் கணினிச் சில்லு, வகுத்தற் கணக்குச் சிலவற்றிற் பிழையான ஈவு தந்தது. அதனுள் அமைந்த அட்டவணையிற் சில பெறுமதிகள் விடுபட்டமையே காரணம். அதனால் நிறுவனத்தார்க்கு நேர்ந்த செலவு 475 மில்லியன் டொலர். அதன்பின்னர்ச் சில்லு செய்வோர் தருக்கமுறைச் சோதனையிற் பெரிதும் கருத்தூன்றினர். சுற்றமைப்பு முழுவதும் ‘உண்மை’, ‘பொய்’ என்னும் இரண்டே மதிப்புக் கொண்ட பெரும்புதிராக மாற்றப்படுகின்றது. ‘இச்சுற்று பிழைசெய்யும் ஓரிடமேனும் உண்டோ?’ என்பதே புதிர். ‘விடை இல்லை’ எனச் செய்நிரல் சொல்லுமாயின் சுற்று செம்மையானது. ஆங்கு விடையின்மையே நற்செய்தியாகின்றது! இதற்கு அடிப்படையான முறையை டேவிஸ், லோகெமன், லவ்லாண்ட் என்னும் மூவர் 1962 இல் வெளியிட்டனர். இன்றைய செய்நிரல்கள் பலவும் அதன் வழிவந்தனவே.

நம் பாடசாலை நேரசூசியும் இத்தகைய புதிரே. ஓராசிரியர் ஒரு பாடவேளையில் ஈரிடத்து இருத்தல் இயலாது; ஆய்வுகூடம் ஒன்றாயின் இரு வகுப்புக்கள் ஒருங்கே புகுதல் ஒல்லாது; கணிதம் நாளின் கடைசி வேளையில் வரலாகாது. இவற்றையெல்லாம் இணக்கித் தாளும் அழிறப்பருமாய் அமர்ந்திருப்போரின் இடர்ப்பாடு யான் நன்கறிந்தது. இதனை ஒரு செய்நிரல் விரைவிற் செய்துதருமாயின், மிஞ்சிய பொழுது மாணாக்கர்க்கு ஆகுமன்றோ?

ஆயினும் ஓர் எல்லையுண்டு. 16 இலக்கங்கள் போதா எனக் கணினி கூறியது. ஏன் போதா என்பதை அது கூறவில்லை. முற்றத் தேடியதால் அறிந்தோமேயன்றிக் காரணங் கண்டு அறிந்தோமல்லேம். விடை வேறு, விளக்கம் வேறு. தன் வீட்டுவேலையைப் பொறியிடம் ஒப்புவிக்கும் மாணவன் பெறுவது முன்னையதே. கல்வி எனப்படுவதோ பின்னையது.

ஆதலின் என் நண்பர்க்கு யான் கூறுவது இது. புதிரை விடுவிக்கும் வேலையை மாணாக்கரிடமிருந்து பறித்தல் வேண்டா. அதனோடு அமையாது, அவர்களே புதிர் புனையுமாறு பணியுங்கள். தான் புனைந்த புதிருக்கு ஒரே விடைதான் உண்டோ என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் தனித்துத் தேர்ந்து தெளிதல் அரிது. அவ்விடத்திற் செய்நிரல் அவனுக்குத் துணையாகும். ‘இரண்டாம் விடையும் உண்டு’ என அது காட்டுமாயின், தான் எங்கே இடம் நெகிழ விட்டான் என்பதை அவன் தானே ஆராயத் தொடங்குவான். அந்த ஆராய்ச்சியை எப்பொறியும் அவனுக்காகச் செய்தல் இயலாது.