வழுக்கும் தட்டும் வலிய வில்லும்

மலையேறும் மோட்டார் வண்டியின் இயந்திரம் திடீரென உச்சக் குரலிற் கதறுகின்றது. வண்டியோ முன்னையினும் மெதுவாகவே செல்கின்றது. இயந்திரத்தின் வலு சில்லுகளைச் சென்று சேரவில்லை. இடைநின்ற கிளச்சு வழுக்கிவிட்டது. பனி மூடிய அல்ப்சு மலைக் கணவாயொன்றில், நள்ளிரவில், செக்கன் கணக்கிற் காலம் அளக்கப்படும் றலியில் இது நேருமாயின் சாரதியின் கைத்திறன் அனைத்தும் அக்கணமே பயனற்றுப்போம்.

இலக்கணம் கற்பிப்பவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். உயிரீற்றின் முன் உயிர் வருமிடத்து இரண்டும் தாமாக இசையா. யகரமோ வகரமோ இடையே தோன்றி அவற்றை இசைவிக்கும். ஓடும் இயந்திரமும் ஓடாது நிற்கும் சில்லும் அத்தகையனவே. கிளச்சு அவற்றிடை நிற்கும் உடம்படுமெய். உவமை இவ்வளவிற் போதும், பொருளுக்கு வருவோம்.

1959 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் வெளிவந்த மினி, அலெக் இசிகோனிசு என்பார் சிறு குடும்பங்களுக்கென அமைத்த வண்டி. அதன் இயந்திரம் 848 கன சென்ரிமீற்றர். வலு 34 பரிவலு. பந்தயக்கார் அமைப்பாளராகிய ஜோன் கூப்பர் அதன் ஓட்டத்திறன் கண்டு வலுவைப் பெருக்கத் தூண்டினார். 1964 இல் பாடி ஹொப்கேர்க் 1071 கன சென்ரிமீற்றர் மினி கூப்பர் எஸ் வண்டியை ஓட்டி மொன்ரி கார்லோ றலியை வென்றார். 1965 இல் தீமோ மக்கினனும், 1967 இல் றௌனோ ஆல்ற்றனனும் வென்றனர். 1966 இல் முதல் மூன்று இடங்களையும் பெற்ற மினிகள் முன்விளக்கு விதியின் பேரில் நீக்கப்பட்டன. அவ்வழக்கை மினி அன்பரிடம் இன்று எடுப்பினும் சூடாகவே இருக்கும். நாம் நோக்க வேண்டுவது வேறொன்று. 1275 கன சென்ரிமீற்றர் கூப்பர் எஸ், விற்பனைக்கு வந்த நிலையிலேயே 76 பரிவலு உடையது. அதனைத் தாங்கிய உராய்வுத்தட்டின் விட்டமோ, 34 பரிவலு வண்டிக்கு வைத்த அதே ஏழங்குலச் சொச்சந்தான்.

கிளச்சு தாங்கும் முறுக்கம் மூன்றனைப் பொறுத்தது: தட்டை அழுத்தும் வில்லின் விசை, தட்டின் மேலுறையிலுள்ள உராய்வு, தட்டின் ஆரை. மினியின் கூடு சிறிதாகலின் ஆரையைப் பெருக்க இடமில்லை. எஞ்சியவை விசையும் உராய்வும். அவசரக்காரர் உடனே வலிய வில்லைத் தேடி ஓடுவர். பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றது.

மினியில் இயந்திரத்தின் கீழேயே கியர்ப்பெட்டி உளது. இரண்டிற்கும் எண்ணெய் ஒன்றே. கிறாங்குத் தண்டின் முனையில் முதற்பற்சில்லும், அதற்கப்பால் கிளச்சும் பிளைவீலும் உள்ளன. எண்ணெயைக் கிளச்சிலிருந்து விலக்கிவைப்பது ஒயில் சீல் எனப்படும் ஒற்றை வளையமே. பற்சில்லின் உள்ளே உள்ள புஷ் தேய்ந்தால் பற்சில்லு ஆடும். ஆடும் பொருளைச் சீல் தழுவி நிற்கமாட்டாது. துளி துளியாய்க் கசிந்த எண்ணெய் தட்டின் மேலுறையை நனைக்கும். நனைந்த தட்டின்மேல் இருமடங்கு வலிய வில்லை ஏற்றினும் சிலநாட் பொழுதே அது பற்றும். சீலை மாத்திரம் புதுக்கிப் புஷ்ஷை அப்படியே விடுவதும் வீண்வேலை.

வழியில் நேர்ந்த வழுக்கலுக்குப் பட்டறைக்காரர் ஓர் உபாயம் வைத்திருந்தனர்: கூட்டின் மேலுள்ள சிறு துவாரத்தினூடாக எண்ணெய் உறிஞ்சும் மண்தூளை இடுதல். வீடு சேரும்வரை உதவுவதன்றி அது செப்பனிடல் ஆகாது.

செப்பனிடுவதற்கு இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டுவதில்லை. ஒருபுறத் தாங்கியைக் கழற்றிச் சிறிது உயர்த்தினாற் போதும். ஆனால் பிளைவீலைக் கழற்றுமுன் கிறாங்கின் முனையிலுள்ள பள்ளம் கிடையாக நிற்குமாறு சுழற்றி வைத்தல் வேண்டும். இதனை மறந்தால், முதற்பற்சில்லைத் தடுத்துநிற்கும் பிறைவடிவத் தகடு நழுவிக் கீழிறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதன்பின் இழுப்பதெல்லாம் உடைப்பதே. நடுப் போல்ற்றை முழுதும் கழற்றாது சில சுற்றுத் தளர்த்தி விடுக. கூம்பிற் பற்றியிருக்கும் பிளைவீல், இழுகருவி இறுக இறுகப் பொறுத்திருந்து, வெடிபோன்ற ஓசையுடன் விடுபடும். போல்ற்று இல்லையேல் அப்பாரம் வேலைசெய்பவர் மேலேயே பாயும்.

உள்ளே படிந்த தூசியை ஊதலாகாது. பழைய தட்டுகளின் மேலுறை கல்நார் கலந்தது. அத்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே தக்கது. புதிய சீலைப் பற்சில்லின் கூரிய வரிகள் கீறாதபடி மெல்லிய உறையொன்றை இட்டு ஏற்றுக. கூம்பின் இரு முகங்களும் எண்ணெயற உலர்ந்திருத்தல் வேண்டும். வலுவைக் கொண்டுசெல்வது அப்பிடிப்பே. அழுத்துமுகங்களில் நீலம்பாய்ந்த சூட்டுத்தழும்போ மயிரிழை வெடிப்போ உண்டாயின் அவற்றை வைத்துக்கொண்டு சிக்கனம் பேசலாகாது.

இவையெல்லாம் முடிந்தபின்னரே வலிய வில் பற்றிய பேச்சு. 1964 முதல் மினியிற் சுருள்விற்களுக்குப் பதிலாக வட்டத்தகடு போன்ற ஒற்றைவில் வந்தது. அதில் வலிமை மிக்கவையும் உண்டு. பந்தயத்துக்கு அவை வேண்டியனவே. ஆயினும் மிதிபடியை அழுத்துந்தோறும் அவ்வில்லின் எதிர்ப்பு கிறாங்குத் தண்டை நெடுக்கே தள்ளும். அத்தள்ளுதலைத் தாங்குவன நடுப் பெயறிங்கிலுள்ள மெல்லிய வளையங்கள். வில் வலுக்க அவை தேயும். தண்டு முன்னும் பின்னும் ஆடும். ஆதலால், கியரை நடுவிலிட்டு நிற்கவேண்டிய இடத்தில் மிதிபடியை மிதித்தபடி நிற்கும் சாரதிக்கு வலிய வில்லைக் கொடுத்தல் இயந்திரத்துக்குச் செய்யும் தீங்கு. உலோகத்தூளை இறுக்கிச் செய்த மேலுறைத் தட்டுகளும் அவ்வாறே. சூட்டை அவை நன்கு தாங்கும். ஆனால் மெல்லென வழுக்கிப் பற்றுதலை அறியா. திடுக்கெனப் பற்றும்போது அவ்வதிர்ச்சி பற்சில்லுகளையும் சில்லுத்தண்டின் மூட்டுகளையும் சாரும். கிளச்சு பிழைத்தது, கியர் முறிந்தது என்ற கதை பழவண்டிக்காரரிடையே புதிதன்று. பந்தயம் ஓடாது பவனி மாத்திரம் செல்லும் வண்டிக்கு நல்ல சாதாரணத் தட்டும், இயந்திரத்தின் வலுவுக்கு அளவான வில்லுமே போதும் என்பது என் துணிபு.

1998 முதல் மொன்ரி கார்லோவில் பழைய றலி வண்டிகளுக்கெனத் தனி ஓட்டம் நடத்தப்பட்டு வருகின்றது. பழைய மினிகள் அங்கே அதே மலைகளில் மறுபடியும் ஏறுகின்றன. புறப்படுமுன் பார்க்கவேண்டிய சிறு அளவு ஒன்றுண்டு: கிளச்சு நெம்பின் திருப்பத்துக்கும் அதன் தடைக்கும் இடையே அரை மில்லிமீற்றர் இடைவெளி. அது இல்லாதுபோனால் புதிய தட்டும், புதிய சீலும், வலிய வில்லும் இருந்தும் கிளச்சு முழுதும் பற்றாமல், முதல் மலையிலேயே இயந்திரம் மீண்டும் கதறத் தொடங்கும்.