தேயிலை வேரில் ஒரு தராசு

அட்டன் மாணவன் ஒருவன் தேயிலை வேரைச் செதுக்கி, கொழுந்துக் கூடை சுமந்த தாயையும் நிறுவைத் தராசையும் என்முன் வைத்தான். "மயிலோ முருகனோ செய்யலாகாதா, தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் வாடிற்று.

கனடாவின் வடகோடியில், கேப் டோர்செட் சிற்பியருள் ஒருவரான இனுயிற் பெண்மணி ஓவிலு துன்னில்லி (1949–2014) பனிக்கரடியோடு நின்றாரல்லர். காசநோய்க்காகச் சிறுவயதில் தம்மைத் தொலைதூர மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற துயரையும் கல்லில் வடித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலையகத்துச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்த நாட்டார் பாடல்களில் கங்காணியும் துரையும் இல்லையா? பாட்டில் போற்றியதை வேரில் இகழ்ந்தது என் பிழையே.

மறுநாள் அச்சிற்பத்தை வகுப்பு மேசையில் வைத்தேன்.

"தராசு முள் ஏன் குறைந்தே நிற்கிறது, தம்பி?"

"அம்மா சொன்ன இடத்தில் வைத்தேன், ஐயா."