நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் உரிமை உண்டு

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. கணவர் கோமாவில் கிடந்தார். மருத்துவமனைக்கு லட்சக்கணக்கில் கட்டியாகிவிட்டது. வால்டாக்ஸ் சாலையில் கணவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள சொத்து இருந்தது. அதை விற்றால்தான் மேற்கொண்டு வைத்தியம். பிள்ளைகளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு நினைவே இல்லை. தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட, வழக்கு நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வுக்குப் போனது. அவர்கள் மனைவியையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தார்கள். விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு, வட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

கோமாவில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை, அதற்குப் பணமும் ஆளும் வேண்டும், முழுப் பாரமும் இந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது என்பதை அமர்வு தன் உத்தரவிலேயே சொன்னது. கவனித்துக்கொள்பவரின் சுமையை நீதிமன்றம் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது அரிதான விஷயம். நம் சட்டங்கள் பெரும்பாலும் நோயாளியைப் பார்க்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதில்லை. மைனர் பிள்ளைக்குக் காப்பாளர் நியமிக்கச் சட்டம் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உண்டு. நேற்றுவரை வேலைக்குப் போய்வந்து இன்று நினைவில்லாமல் விழுந்துவிட்ட கணவனுக்கோ மனைவிக்கோ அப்படி நேரடியான சட்டம் இல்லை. அதனால்தான் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆனால் வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் பெரும்பாலான வீடுகளில் விற்கக் கோடி ரூபாய்ச் சொத்து இருக்காது. ஒரு வங்கிக் கணக்கு, கொஞ்சம் பி.எஃப். பணம், ஒரு பைக், வாடகைக்குக் கொடுத்த அட்வான்ஸ், அவ்வளவுதான். இருந்தாலும் சிக்கல் அதேதான். கன்டெய்னர் லாரி ஓட்டும் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டால், அவர் கணக்கில் இருக்கும் சம்பளத்தை மனைவி எடுக்க முடியாது. “நாமினி நான்தானே” என்று வங்கியில் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். நாமினிக்கு உரிமை வருவது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு. உயிரோடு இருக்கும்போது அந்தப் பெயரால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பவர் பத்திரம் எழுதி வாங்கியிருந்தாலும், எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி அது செல்லாமல் போய்விடும்.

ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் எளிய வழி. வங்கியில் ஒரு படிவம், அரை மணி நேர வேலை. ஏற்கெனவே கணவர் படுத்துவிட்டார், ஆனால் நினைவு இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவரின் கைரேகையையோ கால் விரல் ரேகையையோ இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வங்கி ஏற்க வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளையில் மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கையில் பணம். தொழிற்சாலையிலோ ஒப்பந்ததாரரிடமோ வேலை பார்ப்பவர் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால் இ.எஸ்.ஐ. பிடித்திருப்பார்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தொழிலாளியே நோயில் விழுந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பட்டியலில் உள்ள நீண்டகால நோயாக இருந்தால் அதிலும் கூடுதலாக, நீண்ட காலத்துக்குக் கிடைக்கும். நோய்வாய்ப்பட்டவர் மனைவியாகவோ கணவராகவோ இருந்தாலும் அந்த அட்டையில் அவருக்குச் சிகிச்சை உண்டு; அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வடசென்னைக்குப் பக்கம். வேலையிடத்தில் அடிபட்டதோ, வேலையால் வந்த நோயோ என்றால் கணக்கே வேறு, இழப்பீடு கூடும். அதனால் முதல் நாளே மருத்துவக் குறிப்பில் அது எப்படி நடந்தது என்று பதிய வைப்பது அவசியம். “வீட்ல கீழே விழுந்துட்டாருன்னு எழுதிடுங்க, ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம்” என்று மேஸ்திரி சொன்னால் சம்மதிக்காதீர்கள். பின்னால் அந்த ஒரு வரியே குடும்பத்துக்கு எதிராக நிற்கும். பி.எஃப். கணக்கிலிருந்து கணவன் அல்லது மனைவியின் நோய்க்காக முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. டயாலிசிஸும் அதில் அடக்கம். ரேஷன் அட்டை, வருமானச் சான்றிதழ், ஆதார் மூன்றும் வேண்டும். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதுதான் பலருக்கும் நேர்கிறது, ஆகவே இப்போதே எடுத்து வையுங்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை அட்டை இருந்தும் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர், தண்டுவடத்தில் அடிபட்டவர், பார்க்கின்சன் நோயாளி ஆகியோர் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்குள் வருகிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. நோயாளி வேறு, மாற்றுத்திறனாளி வேறு என்று நினைத்துச் சான்றிதழே வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் சான்றும், தேசிய அடையாள அட்டையும் வாங்கிவிட்டால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தச் சட்டம் இன்னொன்றும் செய்தது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவரைப் ‘பராமரிப்பாளர்’ என்று பெயர் சொல்லி அடையாளம் கண்டது. அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போது நோயாளிக்கான தொகையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இத்தனை தாள்களையும் தேடி அலைவது யார்? பெரும்பாலும் மனைவி. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். வீட்டில் இருப்பவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 137 நிமிடம், ஆண்கள் 75 நிமிடம். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்க் கூடை நிரப்பிக்கொண்டு வரும் பெண்ணுக்கு இதற்கு மேல் நாளில் என்ன மிச்சம் இருக்கும்? ஒரு நாள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. தனியார் வேலையில் இருப்பவருக்கும், துணைக்கு நோய் என்று எடுக்கத் தனி விடுப்பு எதையும் தொழிலாளர் சட்டங்கள் தரவில்லை.

இந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது. “அவருக்கு நல்லானா போதும், எனக்கென்ன” என்று தன் பி.பி. மாத்திரையை விடுவது, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, இரவில் மூன்று முறை எழுந்து காலையில் வேலைக்கு ஓடுவது. அமெரிக்காவில் முதிய தம்பதியரிடம் நடத்தி 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, துணையைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கும் ஆளானவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று கண்டது. பராமரிப்பவர் தன் உடம்பைக் கவனிப்பதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

உடம்பைக் காப்பதில் முதல் காரியம் முதுகு. படுத்திருப்பவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கியே பல பெண்களுக்கு இடுப்பு போயிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், ஆகவே தூக்குவதைத் தவிர்க்கவும் முடியாது. இடுப்புக்குக் கீழே ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதைப் பிடித்து இழுத்துப் புரட்டும் முறையை இயன்முறை மருத்துவர் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுப்பார். அவரை எங்கே தேடுவது என்றால், உங்கள் வட்டத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அவர்கள் வரும் நாளில் உங்கள் பி.பி.யையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று உலகுக்குக் காட்டியதே இந்த நகரம்தான். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு நிகராக நெருக்கடியான வீடுகளில் இருந்து மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை என்று 1959-இல் நிறுவியது. ஆனால் அந்த வீடுகளுக்கு ஆய்வு மையத்திலிருந்து ஆட்கள் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டு வைத்தியம் என்பது வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று பொருள்படாது. இன்றும் துணைக்குக் காசநோய் என்றால், உங்களையும் பிள்ளைகளையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தருவது அரசின் பொறுப்பு. நோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக வர வேண்டும்.

மனசைப் பற்றியும் பேச வேண்டும். படுத்திருப்பவர் மேல் எரிச்சல் வருவதும், இது எப்போதுதான் முடியுமோ என்று ஒரு கணம் தோன்றுவதும், உடனே குற்ற உணர்ச்சியில் அழுவதும் பராமரிப்பவர்கள் பலரும் வெளியே சொல்லாமல் அனுபவிப்பது. அதனால் நீங்கள் கெட்டவராகிவிட மாட்டீர்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள்; இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். சொந்தக்காரர்கள் “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களிடம் வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: “ஞாயித்துக்கிழமை மூணு மணிலேந்து அஞ்சு மணி வரைக்கும் நீ வந்து அண்ணன் பக்கத்துல ஒக்காரு.” அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்குங்கள், கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ தர்காவுக்கோ போங்கள், கடற்கரையில் நில்லுங்கள். துணி துவைக்க மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

வடசென்னைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்திருந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். படுக்கையில் இருப்பவரை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? இதை அந்த இரவில் யோசிக்க முடியாது. தூக்க வரக்கூடிய பக்கத்து வீட்டு இளைஞர்கள் இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். வெளியேற வழியே இல்லையென்றால் உள்ளறைக்கு நகர்த்தி, கதவு ஜன்னலை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி அடைத்து, மூக்கிலும் ஈரத்துணி வைத்து 108-ஐ அழையுங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரத்து மருந்தும் மருத்துவச் சீட்டுகளின் நகலும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். கரன்ட் போனால் இன்சுலினை ஈர மண்பானையில் வைக்கலாம். ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் வீடு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 சுவரில் எழுதியிருக்கட்டும்.

படுத்துவிட்டவர் மனைவி என்றால் நிலைமை பல வீடுகளில் மாறிவிடுகிறது. மார்பகப் புற்றுநோயோ சிறுநீரகக் கோளாறோ வந்த பெண்ணை “கொஞ்ச நாள் உங்கம்மா வூட்ல இரு” என்று அனுப்பிவிட்டு, திரும்பக் கூப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். இது குடும்ப விஷயம் இல்லை, சட்ட மீறல். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. ஜீவனாம்சமும் மருத்துவச் செலவும் கேட்கலாம். அதே சட்டம் மறுபக்கத்துக்கும் உதவும்: நோயாளிக் கணவன் அடித்தாலும் திட்டினாலும் “முடியாத மனுசன், பொறுத்துக்கோ” என்பார்கள். பராமரிப்பவர் அடி வாங்கக் கடமைப்பட்டவர் இல்லை. பெண்கள் உதவி எண் 181.

கேரளத்தில் படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் தரும் திட்டம் 2010-லேயே வந்தது. தொகை சொற்பம்தான். ஆனால் பணம் போவது நோயாளியின் பெயருக்கு இல்லை, பார்த்துக்கொள்பவரின் பெயருக்கு. தமிழ்நாட்டிலும் மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்காத புற்றுநோய், சிறுநீரக நோய்க் குடும்பங்கள் உட்பட எல்லாப் பராமரிப்பாளர்களுக்கும் இப்படி ஒரு தொகை வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுதிக் கேளுங்கள். வங்கி, காப்பீடு, இ.எஸ்.ஐ., வீட்டில் இருக்கும் உரிமை எதில் சிக்கல் வந்தாலும் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.