கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது? மீட்டரையே கேட்போம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் ஒரு பிரச்சினை தவறாமல் வரும். வாங்கிய இரண்டாவது மாதம் கரண்ட் பில் கூடுதலாக வந்தால், பழி முழுவதும் கம்ப்யூட்டர் மீது விழும். வள்ளியூரில் இருக்கும் என் சித்தப்பா வீட்டிலும் 2023 தொடக்கத்தில் இதுதான் நடந்தது. வழக்கமாக 470 யூனிட்டை ஒட்டி வரும் அளவு, அந்த முறை 560 யூனிட்டைத் தொட்டிருந்தது.

"ஏலே, ராத்திரி பூரா அந்தப் பெட்டிய ஓட விட்டா பில்லு வராம என்ன செய்யும்? இனிமே பத்து மணிக்கு மேல கம்ப்யூட்டர் கெடையாது" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தம்பி அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பகல் முழுவதும் கல்லூரி, அதற்கு மேல் நாகர்கோவில் வரை பஸ் பயணம். புராஜெக்ட் வேலைக்கு அவனுக்குக் கிடைப்பது இரவு நேரம் மட்டுமே. அந்த வாரம் ஊருக்குப் போயிருந்த என்னிடம் வழக்கு வந்தது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த டெஸ்க்டாப் நான் பயன்படுத்தியது. அதைக் கொடுக்கும்போதே, "அடிக்கடி ஆன், ஆஃப் செய்யாதே. ஹார்டு டிஸ்க் போய்விடும். ஓடியபடியே இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். கல்லூரி ஹாஸ்டலில் யாரோ சொன்னதை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை.

தம்பியின் கட்சி

தம்பியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து தயாராக இருக்கும். அன்று இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து வரிசையாக எடுத்து விட்டான்.

"அண்ணே, தினமும் முப்பந்தல் வழியாத்தான் போறேன். அத்தனை காத்தாடி சுத்துது. இந்தப் பக்கம் கூடங்குளம். சுத்திச் சுத்தி நம்ம ஊர்ல கரண்ட் தயாரிச்சிட்டு, நமக்கே பில் போடுறாங்க. சின்ன வயசுல தினமும் பவர் கட்டுல கெடந்து படிச்சேன். எல்லாம் அரசியல்ணே. நான் ஒருத்தன் கம்ப்யூட்டரை அணைச்சா நாட்டுக்கு என்ன லாபம்? அதுவும் ஸ்கிரீன் சேவர் போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பலமான காற்று வீசுவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் பல காற்றாலைகள் சும்மா நிற்பதை அவனே பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறான். கூடங்குளத்தின் ஓர் அணுஉலையின் திறன் 1000 மெகாவாட். முதல் உலை மின் தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். அந்த மின்சாரத்தில் தமிழ்நாட்டோடு கேரளா, கர்நாடகா, புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. பக்கத்தில் தயாராவதால் மட்டும் அது வள்ளியூருக்குச் சொந்தமாகிவிடாது.

பவர் கட் விஷயத்தில் அரசியல் மட்டுமல்ல, கம்பியும் காரணம். 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னிந்திய மின் தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தொகுப்பாக இணைந்தது. அதற்கு முன் வடக்கே மின்சாரம் உபரியாக இருந்தாலும் தெற்கே நினைத்த அளவுக்குக் கொண்டுவர வழியில்லை.

"சரிண்ணே, ஸ்கிரீன் சேவர்?" என்றான். அதற்கு வாதம் தேவையில்லை, மீட்டர் போதும் என்றேன்.

மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு

உங்கள் வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சும்மா மின்னவில்லை. மின்சாரம் செலவாவதை எண்ணிக் காட்டுகிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சித்தப்பா வீட்டு மீட்டரில் இருந்த எண் 3200.

ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. எனவே கணக்கு சுலபம். 36,00,000 என்ற எண்ணை மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்துக் கொள்ளுங்கள். 3200 என்றால் விடை 1125. இதை, எண்ணிய மின்னல்களால் பெருக்கி, ஆன வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் உட்பட எல்லாவற்றையும் சிறிது நேரம் அணைத்தோம். சிவப்பு விளக்கு மின்னுவது நின்றது. பிறகு கம்ப்யூட்டரை மட்டும் ஆன் செய்தோம். சித்தப்பா மீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். தம்பி செல்போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். முதல் மின்னலில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு, அதற்குப் பிறகு வரும் பத்து மின்னல்களை எண்ண வேண்டும். (நீங்கள் செய்யும்போது மீட்டரைக் கண்ணால் பார்த்தால் போதும். பெட்டியையோ சீலையோ தொடக்கூடாது.)

வேலை செய்யும்போது 10 மின்னலுக்கு 90 வினாடிகள் ஆயின. அதாவது 125 வாட்.

ஸ்கிரீன் சேவர் ஓடும்போதும் அதே 90 வினாடிகள். ஒரு வாட் கூடக் குறையவில்லை!

மானிட்டரை மட்டும் அணைத்தபோது 125 வினாடிகள். அதாவது 90 வாட்.

ஸ்லீப் நிலையில் ஒரே ஒரு மின்னலுக்கு ஆறு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தோம். கணக்குப் போட்டால் சுமார் 3 வாட்.

தம்பியின் முகம் மாறியது. ஸ்கிரீன் சேவர் வந்தது கரண்டை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களில் ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் திரையில் அதன் தழும்பு பதிந்துவிடும். அதைத் தவிர்க்க வந்ததே ஸ்கிரீன் சேவர். திரை ஒளியும் சி.பி.யு.வும் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பேப்பரில் போட்ட கணக்கு

ஒரு நாளில் ஆறு மணி நேரம் வேலை என்று வைத்துக் கொள்வோம். 125 வாட் வீதம் 0.75 யூனிட். மீதி 18 மணி நேரம் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு சி.பி.யு.வை ஓட விட்டால் 1.62 யூனிட். கவனியுங்கள், வேலை செய்ததை விட சும்மா இருந்ததற்கு இரண்டு மடங்குக்கும் மேல் செலவு! அறுபது நாளுக்கு மொத்தம் 142 யூனிட்.

அதே 18 மணி நேரம் ஸ்லீப்பில் இருந்தால்? அறுபது நாளுக்கு மொத்தம் 48 யூனிட்தான். மிச்சம் 94 யூனிட்.

94 யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய். அதோடு 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய். அந்தக் கணக்கில் 560 யூனிட்டுக்கு 2430 ரூபாய். 466 யூனிட்டாக இருந்திருந்தால் 1521 ரூபாய். யாரும் உட்காராத கம்ப்யூட்டருக்காக 909 ரூபாய் போயிருக்கிறது. (பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்துக் கணக்கிடுங்கள்.)

நாட்டுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கும் கணக்குப் போட்டோம். சும்மா ஓடும் 90 வாட் கம்ப்யூட்டர்கள் ஒரு லட்சத்தை அணைத்தால் 9 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. இந்த இடத்தில் தம்பி சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் 909 ரூபாய் அந்த வீட்டுக்குப் பெரிய தொகை.

மற்றக் குற்றவாளிகள்

"அந்த செல்போன் சார்ஜரும் நாள் பூரா கரண்டைத் தின்னுது" என்றார் சித்தி. ஒரு செல்போனைத் தினமும் முழுவதும் சார்ஜ் செய்தாலும் அறுபது நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை யூனிட்தான் ஆகும். சார்ஜர் விடுதலை!

தம்பி விடவில்லை. "டிவியை ரிமோட்ல அணைச்சாலும் செட்டாப் பாக்ஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்ணே" என்றான். ரிமோட்டில் அணைத்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சோதித்தோம். ஒரு மின்னலுக்கு 112 வினாடிகள், அதாவது 10 வாட். இரவும் பகலும் இப்படியே இருந்தால் அறுபது நாளில் 14 யூனிட்டுக்கு மேல். அவன் சொன்னது சரி, நான் நினைத்தது தவறு. தினமும் டிவியை ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர் சித்தப்பா. அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று இரவு சுவிட்ச் போர்டு வரை போய் அணைத்துவிட்டு வந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம் என்பதையும் பிறகு பவர் என்பதையும் க்ளிக் செய்யுங்கள். ஸ்கிரீன், ஸ்லீப் இரண்டுக்கும் தனித்தனியே நேரம் கொடுக்கலாம். ஸ்கிரீன் அணைய 5 நிமிடமும் ஸ்லீப்புக்கு 15 நிமிடமும் வைத்தால் போதுமானது.

ஸ்லீப் நிலையில் உங்கள் வேலை ராம் நினைவகத்தில் இருக்கும். கரண்ட் போனால் அது அழிந்துவிடும். எனவே யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் ஃபைலை சேவ் செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஹைபர்னேட் வசதி இருந்தால், வேலை முழுவதும் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும், கரண்ட் போனாலும் கவலையில்லை.

இரவு தூங்கப் போகும்போது ஷட் டவுன் செய்யுங்கள். தினமும் ஒன்றிரண்டு முறை அணைத்துப் போடுவதால் ஹார்டு டிஸ்க் கெட்டுவிடாது. நான் சொல்லிக் கொடுத்ததை நானே திருத்திக் கொள்கிறேன்.

முடிவில், பத்து மணித் தடை நீங்கியது. வேலை இருக்கும்வரை கம்ப்யூட்டர் ஓடலாம், எழுந்தால் அணைக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் புதிய சட்டம். அடுத்த பில்லில் அளவு மறுபடியும் 500 யூனிட்டுக்குள் வந்துவிட்டது. தம்பி புராஜெக்டை முடித்துவிட்டான். கருத்துச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கூடவே ஒரு பேப்பரில் கணக்கும் கொண்டு வருகிறான்.

உங்கள் வீட்டில் பில்லைப் பற்றிச் சண்டை வந்தால், யார் சொல்வது சரி என்று கேட்காதீர்கள். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு மீட்டர் பக்கம் போங்கள்!