மூச்சிரைப்பும் மூன்றாண்டுப் படிப்பும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பெரிதும் நெய்யப்படுவது வேட்டியும் சேலையும் அல்ல. காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி. இப்படி மருத்துவமனைகளுக்குத் துணி அனுப்பும் இந்த வட்டாரத்துக்கு, நோயின் பெயரைச் சரியாகச் சொல்லும் மருத்துவர் எங்கிருந்து வருகிறார்? அவர் எவ்வாறு பயிற்சி பெறுகிறார்? இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி எழக் காரணம், எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும்.

அந்த அண்ணாச்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சுத்தம் செய்யும் பகுதியில் வேலை பார்த்தவர். அவர் மகள் பிளஸ் டூ படித்தபோது இயற்பியல் பாடத்தில் சந்தேகம் கேட்க என்னிடம் வருவாள். அண்ணாச்சிக்கு அப்பொழுதே மூச்சிரைப்பு. இருமல் மருந்து, ஊசி, மாத்திரை என்று பல இடங்களில் பார்த்தும் குணமில்லை. "பீடி குடிப்பதை நிறுத்துங்கள்" என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி பீடியைத் தொட்டதே இல்லை!

கடைசியில் மதுரையில் ஒரு பொது மருத்துவ நிபுணரிடம் போனார்கள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டாராம். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" "வாரத்தில் எந்த நாளில் மூச்சு அதிகமாக முட்டுகிறது?"

"வார விடுமுறை முடிந்து ஆலைக்குள் நுழையும் முதல் நாளில்தான், ஐயா" என்றார் அண்ணாச்சி. பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

பஞ்சுத் தூசி நோய்

அந்த நோயின் பெயர் பிஸினோசிஸ். பஞ்சுத் தூசியோடு கலந்திருக்கும் நுண்ணுயிரிகளின் நச்சுப் பொருள்கள் மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன என்று கருதப்படுகிறது. ஒரு நாள் ஓய்வுக்குப் பின் மீண்டும் தூசியைச் சுவாசிக்கும்போது நெஞ்சு இறுகுகிறது. நாள் செல்லச் செல்ல அந்த வாரத்துக்குள் தொல்லை குறைகிறது. பல ஆண்டுகள் கழிந்தால் எல்லா நாளும் இரைப்பு நிலைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த நோயில் எக்ஸ்ரே படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். படம் காட்டாததைக் கேள்விதான் காட்டுகிறது.

நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தவர் இத்தாலி நாட்டு ராமஸ்ஸினி. தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1700-இல் வெளிவந்தது.

நோயின் பெயர் வெறும் பெயர் அன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தொழில்வழி நோய்களைப் பட்டியலிட்டது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் அதில் இருந்தது. 'இருமல்' என்று எழுதினால் ஒரு புட்டி மருந்தோடு கதை முடிந்துவிடும். 'பிஸினோசிஸ்' என்று எழுதினால் வேலைப் பகுதியை மாற்றவும், நிவாரணம் கோரவும் வழி பிறக்கிறது. மருத்துவர் எழுதும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

தட்டிப் பார்த்தால் தெரியும்

மூச்சிரைப்புக்குப் பஞ்சுத் தூசி மட்டுமா காரணம்? நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். இதயம் பலவீனமாகியிருக்கலாம். இரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ கூட இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் கலையே பொது மருத்துவம். 'பொது' என்ற சொல்லைக் கண்டு இது சாதாரணப் படிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது எம்.பி.பி.எஸ்ஸுக்குப் பின் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டிய எம்.டி. சிறப்புப் படிப்பு. அறுவை செய்யாமல், உள்ளுறுப்புகளின் நோயை அறிந்து மருந்தால் தீர்ப்பது இதன் பணி. ஆங்கில நாடுகளில் இதை 'உள் மருத்துவம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்; அந்தப் பெயர் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்தது.

இந்தக் கலையில் இயற்பியலுக்குப் பெரும் பங்கு உண்டு. பால்காரரின் கேனை விரலால் தட்டிப் பாருங்கள். காலியான மேற்பகுதி கணீரென்று ஒலிக்கும். பால் உள்ள கீழ்ப்பகுதி மந்தமாக ஒலிக்கும். ஆஸ்திரிய நாட்டின் கிராஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன் அவுன்பிரக்கர். திராட்சை மதுப் பீப்பாய்களை இப்படித் தட்டிப் பார்ப்பது அக்காலத்து வழக்கம். மருத்துவரான பின் அவர் மனிதரின் மார்பையும் அவ்வாறே தட்டிப் பார்த்தார். காற்று நிறைந்த நுரையீரல் அதிர்ந்து ஒலிக்கிறது. நீர் கோத்த இடம் கல்லைத் தட்டினாற் போல் மந்தமாகிறது. 1761-இல் இதை நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1808-இல் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே உலகம் அதைக் கவனித்தது! 1816-இல் லேனெக் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது.

இன்னொன்றையும் காண்போம். ஆய்வகத்தில் அழுத்தத்தை அளக்கக் கண்ணாடிக் குழாயில் திரவம் ஏறும் உயரத்தைப் பார்க்கிறோம் அல்லவா? நம் கழுத்திலேயே அத்தகைய குழாய் ஒன்று இருக்கிறது. கழுத்துச் சிரை இதயத்தின் வலது மேலறையோடு இணைந்தது. நோயாளியை 45 பாகைச் சாய்வில் படுக்க வைத்து, மார்பெலும்பின் மேட்டிலிருந்து எவ்வளவு உயரம்வரை அந்தச் சிரை துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அது சுமார் 3 அல்லது 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால் வலது இதயத்தில் அழுத்தம் மிகுந்துள்ளது என்று பொருள். ஓர் அளவுகோலும் கூர்ந்த கண்ணுமே இதற்குப் போதும்.

"ஸ்கேன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு விரலும் காதும் கண்ணுமே முதல் கருவிகள். மேலும், எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்யவும் அவை வேண்டும்.

நுழைவாயில்

இந்தப் பயிற்சிக்கு எப்படிச் சேர்வது? எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு கட்டாய மருத்துவமனைப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டு. அதன் பிறகு முதுநிலை நீட் தேர்வு. தேசியத் தேர்வு வாரியம் ஆங்கிலத்தில் நடத்தும் இத்தேர்வில் 200 வினாக்கள், 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4. தவறுக்கு 1 குறையும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் என்ன ஆகும்? சராசரியாக நான்கு வினாவில் ஒன்று சரி, மூன்று தவறு. 4 கழித்தல் 3, ஆக மிஞ்சுவது 1. ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண்! இரண்டு விடைகளைத் தவறென்று உறுதியாக விலக்கத் தெரிந்தவருக்கோ சராசரி ஒன்றரை. ஆகவே இத்தேர்வு ஓரளவுக்கு விலக்கும் திறனை அளக்கிறது எனலாம்.

நம் நாட்டில் இதற்கு நேர்முகத் தேர்வு கிடையாது. தர வரிசைப்படி மாணவர்கள் கலந்தாய்வில் பாடத்தையும் கல்லூரியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் முறை வேறு. அங்கே மருத்துவமனைகள் விண்ணப்பதாரரை நேரில் அழைத்துப் பேசும். பின் இரு தரப்பினரும் தத்தம் விருப்ப வரிசையைத் தருகிறார்கள். 1952 முதல் நடைமுறையில் உள்ள ஒரு பொது ஏற்பாடு அவற்றைப் பொருத்திப் பார்த்து யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்கிறது.

நம் மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதிப் பாதி மாநிலத்துக்கு. இங்கேதான் கிராமத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. மாநிலத்துக்குரிய இடங்களில் பாதியைத் தமிழ்நாடு அரசு, அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்குகிறது. இந்த ஏற்பாடு இடையில் தடைப்பட்டது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், இவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. தொலைதூரப் பகுதியிலும் கடினமான பகுதியிலும் பணி செய்தவர்களுக்கு, ஓர் ஆண்டுக்குப் பெற்ற மதிப்பெண்ணில் 10 சதவீதம் வீதம், அதிகமாக 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் தரவும் விதி இடம் தருகிறது.

அண்ணாச்சியின் மகள் முன் அன்று இரண்டு பாதைகள் இருந்தன. வேலைக்குப் போகாமல் ஓராண்டு பயிற்சி வகுப்பில் அமர்ந்து படிப்பது ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிக்கொண்டே படிப்பது மற்றொன்று. "எது நல்லது, சார்?" என்று கேட்டாள். "எனக்கு அதைச் சொல்லத் தகுதியில்லை, அம்மா. வீட்டு நிலைமையை எண்ணி முடிவு செய்" என்றேன். அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். பகலில் புறநோயாளிகள், இரவில் புத்தகம். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை பொது மருத்துவம் கிடைத்தது.

மருத்துவமனையே வீடு

முதுநிலை மாணவரை 'ரெசிடென்ட்' என்று அழைக்கிறோம். 'அங்கேயே தங்கியிருப்பவர்' என்று பொருள். அமெரிக்காவில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இளம் மருத்துவர்கள் உண்மையாகவே மருத்துவமனைக்குள் குடியிருந்து கற்றார்கள். அங்கே பேராசிரியராயிருந்த வில்லியம் ஆஸ்லர், மருத்துவத்தை வகுப்பறையில் அல்ல, நோயாளியின் கட்டிலருகே கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியாயினும் வேறு எந்தக் கல்லூரியாயினும், இன்றும் அந்த முறையே அடிப்படை.

வார்டில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமைப் பேராசிரியர். குழுவின் 'அட்மிஷன் நாள்' வந்தால் பாம்புக்கடி, காய்ச்சல், வலிப்பு, மாரடைப்பு என்று நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். இரவு முழுவதும் விழித்திருந்தவர், காலையில் பேராசிரியர் முன் ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் ஒப்பிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆய்வேடு, கருத்தரங்கு எல்லாம் உண்டு. 2020-இல் வந்த ஒரு விதிப்படி, மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணியாற்றுவதும் பயிற்சியின் பகுதியாகிவிட்டது. பெரிய கல்லூரியின் கருவிகள் இல்லாத இடத்தில் நோயைப் பார்க்கப் பழகுவதற்கு இது உதவுகிறது.

இறுதித் தேர்வில் முக்கியமானது 'நீண்ட கேஸ்'. முன்பின் தெரியாத ஒரு நோயாளியோடு குறிப்பிட்ட நேரம் பேசி, தொட்டு, தட்டி, கேட்டு, நோயைச் சொல்ல வேண்டும். நுழைவுத் தேர்வில் நான்கு விடைகள் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டன. இங்கே ஒன்றும் கொடுக்கப்படுவதில்லை. சாத்தியமான விடைகளை மாணவரே எழுப்பிக்கொண்டு, அவரே ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். நுழைவதற்கு வேண்டிய திறமையும் கற்று வெளிவரும் திறமையும் இவ்வளவு வேறானவை.

நம் மொழியில் ஒரு செல்வம்

சென்ற விடுமுறையில் அவள் ஊருக்கு வந்திருந்தாள். "படிப்பில் எது கடினம்?" என்று கேட்டேன்.

"கேட்கத் தெரிவதுதான், சார். இளைப்பு என்கிறார்கள், இரைப்பு என்கிறார்கள், மூச்சு முட்டுகிறது, நெஞ்சை அடைக்கிறது, படபடவென்று வருகிறது என்கிறார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் இவற்றுக்கு ஒன்றிரண்டு சொற்கள்தான். ஆனால் நோயாளி சொல்வது ஒவ்வொன்றும் வேறு. மாடி ஏறினால் இளைப்பதும், படுத்தால் மூச்சு முட்டுவதும் ஒன்றா?" என்றாள்.

படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணியும் மூச்சு இதயத்தின் பக்கம் கை காட்டுகிறது. அந்த வேறுபாட்டைச் சொல்லும் சொற்கள் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன.

தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதுநிலைத் தேர்வின் ஆங்கிலம் ஒரு மேடுதான். ஆனால் முயன்றால் ஏறக்கூடிய மேடு. அதைத் தாண்டியபின், கட்டிலருகே நோயாளி பேசுவது உங்கள் மொழியில்.

அண்ணாச்சி ஓய்வு பெறும்வரை தூசி குறைந்த பகுதியில் வேலை செய்தார். நோய் முழுதும் தீரவில்லை. ஆனால் முற்றவும் இல்லை. மாலையில் வாசலில் அமர்ந்திருப்பார். தெருவில் யாராவது இருமினால், "எந்த ஆலையப்பா? எந்தப் பகுதி?" என்று கேட்கிறார். மருத்துவரின் முதல் கேள்வியை அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.