மூச்சோ, மாயையோ?

எபிரேயரின் ஞான நூல்களுள் வாழ்வின் நிலையாமையை ஆழ்ந்து ஆராய்வது பிரசங்கி. 12 அதிகாரங்களே கொண்ட சிறு நூல் இது. மரபு இதனைச் சாலொமோன் மன்னனுக்கு உரியதாக்கும். ஆயின், பாரசீகச் சொற்கள் விரவியிருத்தலாலும் மொழிநடை பிற்பட்டதாதலாலும், கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் எழுந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். சாக்கடலருகே கும்ரான் குகையொன்றில் 1952இல் இதன் தோற்சுருள் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் பழையவை கி.மு. 2ஆம் நூற்றாண்டினவென மதிக்கப்படுகின்றன.

இந்நூலின் உயிர்நாடி 'ஹெபெல்' என்னும் சொல். 38 முறை அது வருகின்றது. தமிழ் வேதாகமம் அதனை 'மாயை' எனப் பெயர்த்துள்ளது. மாயை என்றதும் அத்துவைதம் கூறும் பொய்த்தோற்றமோ, சைவசித்தாந்தம் கூறும் மலமோ நம் உள்ளத்தில் எழும். எபிரேயச் சொல்லின் அடிப்பொருள் இவ்விரண்டும் அன்று. மூச்சு, ஆவி என்பதே. குளிர்ந்த காலையில் வாயினின்று எழும் ஆவி கண்முன்னே தோன்றிக் கணத்தில் மறைகின்றது. அது பொய்யன்று; ஆயின் கையாற் பற்ற இயலாதது. வேதாகமக் கதையில் முதன்முதல் மாண்டவனாகிய ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்லாம்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. வாழ்வு பொய்த்தோற்றமெனின் அதனை விட்டு நீங்குவதே அறிவுடைமை. மெய்யாயினும் குறுகியதெனின், இருக்கும்போதே அதனைப் போற்றுதல் கடனாகும்.

பிரசங்கி காட்டுவது இரண்டாவது நெறி. செல்வமும் கல்வியும் இன்பமும் மாளிகையும் அவர் துய்த்துப் பார்த்தவை. அறிஞனையும் மூடனையும் சாவு ஒன்றாகவே கொள்வதைக் கண்டு கசந்தார். ஆயினும் துறவை அவர் விதிக்கவில்லை. உண்டும் பருகியும், அன்பு மனைவியோடு மகிழ்ந்தும் வாழ்தல் இறைவன் தந்த கொடை என்றார். பாதாளத்திலே தொழிலும் இல்லை, அறிவும் இல்லை. ஆதலால் கைக்கு வந்த வேலையை முழுவலிமையோடு செய்யுமாறு பணித்தார். திருக்குறள் நிலையாமையைத் துறவறவியலில் வைத்தது. எனினும் இறுதி வருமுன் நல்வினையை விரைந்து செய்யுமாறு அவ்வதிகாரமே வற்புறுத்துகின்றது. வழி வேறாயினும் இருவர்க்கும் காலத்தின் அருமை ஒன்றே.

பல யூத சமுதாயங்களில் இந்நூல் கூடாரப் பண்டிகையின்போது ஓதப்படுகின்றது. அது அறுவடை மகிழ்ச்சிக்குரிய விழா. வீடு இருக்கவும், தழை வேய்ந்த தற்காலிகக் குடிலில் ஏழு நாள் குடும்பமாக அமர்ந்து உண்பர். கூரையின் இடைவெளியிலே விண்மீன்கள் தெரியும். சாவீட்டிற்கன்றி விருந்திற்கு இந்நூலைத் தெரிந்தெடுத்தார்களே, அதுவே இதற்குச் சிறந்த உரை. குடில் நிலையாதென அறிந்தோரே அதனுள் இருக்கும் இரவின் அருமையை அறிவர்.